எதிர்வெளிச்சம்

ஏழு மணி ஆகிவிட்டது, இன்னும் அவரைக் காணோம். ஆறேகாலுக்கே கிளம்பிவிட்டாராம். டீக்கடை வையாபுரிக்கு இரண்டு தரம் போன் போட்டாயிற்று, இரண்டு தரமும் அதே பதில், "ஆறேகாலுக்கே கெளம்பீட்டாருங்கம்மா, மழ வர்றதுக்குள்ள ஊடு போய்ச் சேரோணும்னு சொல்லீட்டுத்தான் போனாரு." பைபாஸில் இருக்கும் அவன் கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரே ரோடு, நூல் பிடித்தாற்போல் நேர் ரோடு, என் வீட்டுக் கேட்டில் வந்து முட்டிக்கொண்டு இடமும் வலமுமாகப் பிரியும். தெருக்குத்து வீடு வேண்டாம் என்று மனை வாங்கும்போதே தலைபாடாய் அடித்துக்கொண்டேன், "லாரிக்காரனுக்கு ரோட்டப் பாத்துட்டே படுத்தாத்தான் புள்ள தூக்கம் வரும்" என்று சிரித்தார், மதில்சுவரில் ஒரு பிள்ளையாரைப் பதித்துவிட்டுக் குடி வந்தோம். பத்து நிமிட நடை. பத்து நிமிட ரோட்டில் ஒரு மனிதர் முக்கால் மணி நேரமாகத் தொலைந்து கிடக்கிறார், நான் கேட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து தேடிப் போகலாம், போகலாம், மூட்டு மாற்றி நாலு மாதம்தான் ஆகிறது, மழையில் நனைந்த ரோட்டில் நானும் விழுந்தால் இரண்டு பேரையும் யார் தேடுவது. அதோடு நான் போன பக்கம் அவர் வராமல் வேறு பக்கமாக வந்து, வீட்டில் ஆளில்லை என்று திரும்பிப் போய்விட்டால்? வையாபுரிதான் கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸில் தேடப் போயிருக்கிறான். தலைக்கு மேலே போகஸ் லைட் எரிகிறது, மழை விட்டதும் கிளம்பிய ஈசல் அத்தனையும் அதில் முட்டி முட்டி என் மடியில் உதிர்கிறது, தலையில், கழுத்துக்குள். தட்டிவிடத் தோன்றவில்லை. வெளிச்சம் விழுகிற ஐம்பது அடிக்கு ரோட்டில் ஒவ்வொரு ஜல்லியும் தெரிகிறது, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, கறுப்புத் துணியை இழுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குள் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று என் கண்தான் நீர் விடுகிறது. "ஏனுங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். எஞ்சின் சத்தத்தில் முப்பத்தோரு வருடம் ஊறிய காது, பக்கத்தில் நின்று கத்தினாலே பாதிதான் விழும். பைபாஸில் லாரிகள் போகிற இரைச்சல்தான் திரும்பி வந்தது.

இந்த லைட் இருந்துமா தொலைந்தார்? அதுதான் ஆறவில்லை எனக்கு. இது அவருக்காகவே போட்டது. மறதி வந்து ஒன்றரை வருடமாகிறது, முதலில் சாவி, பிறகு சாப்பிட்டது, பிறகு சுகந்தியின் பெயர், பெற்ற மகளைப் பார்த்து "இந்த அம்மிணி யாரு" என்று கேட்ட அன்றைக்கு அவள் திருப்பூருக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். ஆனால் கால் மறக்கவில்லை, சாயங்காலம் ஐந்தானால் வையாபுரி கடைக்குப் போய், பக்கத்துப் பட்டறையில் லாரிக்கு பாடி கட்டுவதைப் பார்த்துவிட்டு, ஆறரைக்கு வாசலில் நிற்பார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் கேட்டு வரை வந்தவர், இருட்டில் வீடு எது என்று தெரியாமல் இடது பக்கம் திரும்பிப் போய்விட்டார். எங்கள் வரிசையில் எட்டு வீடும் ஒரே அச்சு, ஒரே மேஸ்திரி. அந்தப் பக்கம் கடைசியில் சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு. கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரமே சுகந்தி இந்த லைட்டை வரவழைத்து அனுப்பிவிட்டாள், நூறு வாட்ஸ், வெள்ளை வெளேர் என்று, இருட்டினால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். "நல்லா ரோட்டப் பாத்து நேரா வைப்பா, அவரு பைபாஸ்ல கால் வெச்சதுமே நம்ம ஊடு தெரியோணும்" என்று எலக்ட்ரீசியனிடம் சொன்னது நான்தான். கேட்டுத் தூண் மேலே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, நேராக ரோட்டைப் பார்த்து மாட்டினான். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே. கோயில் திருவிழாவுக்குக் கூட நான் அவ்வளவு வெளிச்சம் கண்டதில்லை.

மூன்றாம் நாளே மூலை வீட்டு தமயந்தி டீச்சர் வந்துவிட்டாள். நல்ல பெண்தான், மெதுவாகத்தான் பேசினாள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "வெளிச்சமே வேண்டாம்னு சொல்லலீங்கம்மா. உங்களுக்கு வேணுங்கறது கேட்டும் படியும் தெரியறது. இது ரோட்டையும் வானத்தையும் எங்க ஜன்னலையும் பாத்து எரியுது. தலையக் கீழ சாய்ச்சு, மேல ஒரு தகர மூடி போட்டு, சின்னதா மஞ்ச பல்பா மாத்தீட்டா வெளிச்சம் காலடில விழுமுங்க, கண்ணுல விழாது. மூடி எங்கிட்டயே ஒண்ணு இருக்குது, நானே கொண்டாந்து தர்றேன்." அவள் வீட்டு வாசலில் அப்படித்தான் ஒன்று எரிகிறது, குல்லாய் போட்ட ஒரு சின்ன விளக்கு, மூன்று படியைத் தவிர வேறு எதையும் காட்டாது. கருமி விளக்கு என்று நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். தினமும் பொண்ணைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் நட்சத்திரம் காட்டுவாள், என் லைட் வந்ததிலிருந்து காட்ட முடியவில்லையாம். நட்சத்திரம்! என் புருசன் கிணற்றில் விழாமல் இருப்பது பெரிதா, உன் பொண்ணுக்கு நட்சத்திரம் பெரிதா? கேட்டுவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். வாய் நின்றதா? "புருசனத் தொலைக்கப் போறவளுக்குத்தான் இதோட அரும தெரியும், ஒனக்கென்ன கண்ணு" என்றேன். அவள் புருசன் இறந்துபோய் இரண்டு வருடம். தெரிந்துதான் சொன்னேன், சொல்லும்போதே தெரிந்துதான் சொன்னேன். அவள் "செரீங்கம்மா" என்று போய்விட்டாள், மறுநாள் பார்த்தால் ரோட்டுப் பக்கத்து ஜன்னல் எல்லாவற்றிலும் கனமான போர்வையைத் தொங்கவிட்டிருந்தாள். பிறகு எதிர் வரிசையிலும் ஒவ்வொன்றாக மூடினார்கள். இன்றைக்கு இந்தத் தெருவில் ஒரு ஜன்னல் திறந்திருந்தால் யாராவது ஒருத்தர் அவரைப் பார்த்திருப்பார்கள். முப்பது அடியில் அவள் இருக்கிறாள், ஒரு குரல் கொடுத்தால் ஓடி வருவாள், கூப்பிட வாயெடுக்கிறேன், அந்த "செரீங்கம்மா" வந்து குறுக்கே நிற்கிறது.

கிணறு. இல்லை, கிணற்றை நினைக்கக் கூடாது. அந்தப் பக்கம் போயிருந்தால் இந்தக் கேட்டைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், நான் ஆறு மணியிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். இருந்தேனா? மழை வந்ததும் துணி எடுக்க மாடிப்படி வரைக்கும் போனேன். ஒவ்வொரு படியாக ஏறி ஒவ்வொரு படியாக இறங்கினேன், கால் மணி நேரம் இருக்குமா, இருக்கும். நாலு துணிக்காக. ஒரு பழைய வேட்டி, இரண்டு துண்டு, என் ஒரு சேலை, நனைந்தால் நனைந்து தொலைகிறது என்று விட்டிருக்கலாமே பாவாயி, மூதேவி. அந்தக் கால் மணி நேரத்தில் கேட்டு வரை வந்து திரும்பியிருந்தால். அர்த்தநாரீசுவரா, உன் பேரைத்தானே அவருக்கு வைத்தார்கள், அர்த்தநாரி என்று. பாதி உடம்பைப் பெண்டாட்டிக்குக் கொடுத்த சாமி நீ, என் பாதியை எனக்குக் கொடுத்துவிடு, மலையேறி வருகிறேன். இந்த மூட்டை வைத்துக்கொண்டு மலையேறுகிறேன் என்றால் சாமிக்கே சிரிப்பு வரும். பஸ்ஸில் வருகிறேன், மலை மேலேயே பஸ் போகிறது. கிணறு இல்லை என்றால் பைபாஸ். வழி தப்பித் திரும்பவும் பைபாஸுக்கே போயிருந்தால், ஈர ரோடு, வெள்ளை வேட்டியும் தெரியாது ஒன்றும் தெரியாது, வருகிறவன் பிரேக் போட்டாலும் வண்டி நிற்காது, அவரே சொல்லுவார். ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறது, இன்னொன்றுக்கு அடுத்த மாதம் வரச் சொன்னார் டாக்டர். அடுத்த மாதம். அடுத்த மாதம் என்று ஒன்று இருக்க வேண்டும்.

லைட் போட்டுப் பதினோரு நாள். பதினோரு நாளில் அவராக நேரத்துக்கு வந்தது ஒரே ஒரு நாள், செவ்வாய்க்கிழமை. இதை இன்றைக்குத்தான் எண்ணிப் பார்க்கிறேன். லைட் இல்லாதபோது ஒரு நாள்தான் தவறினார், லைட் வந்த பிறகு ஒரு நாள்தான் தவறவில்லை, இது என்ன கூத்து? நோய் முற்றுகிறது என்றுதான் நானும் சுகந்தியும் பேசிக்கொண்டோம். ஒரு நாள் பால்காரர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். இரண்டு நாள் வையாபுரி வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். ஒரு நாள் காலி மனைகளுக்குள் முள்ளில் நடந்து பின்பக்கமாக வந்து நின்றார், காலெல்லாம் ரத்தம். "எங்கீங்க போனீங்க இத்தன நேரம்?" என்று கேட்டால், "நின்னுட்டிருந்தேன்." "எதுக்கு நின்னீங்க?" "வண்டி வருதல்ல." எந்த வண்டி? இந்த ரோட்டில் ஏது வண்டி? இருக்கிற அத்தனை வீட்டுக்கும் சேர்த்து இரண்டு கார். "வண்டியெல்லாம் ஒண்ணும் வரல, நீங்க தின்னுட்டுப் படுங்க" என்று தட்டை வைத்தேன். பால்காரர் கூட்டி வந்த அன்றைக்கு முழங்கையை மடக்கிக் கண்ணுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு வந்தார், அழுகிறாரோ என்று எனக்குப் பதறிப்போயிற்று. அழவில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் ஆறரைக்கு, கைவீசிக்கொண்டு, தானே கேட்டைத் திறந்து, "பாவாயி, டீ போடு" என்று என் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். என் பெயரைச் சொன்னார்! செவ்வாய்க்கிழமை என்ன விசேஷம்? மாரியம்மனுக்கு விளக்குப் போட்டேன், அதனால்தான் என்று நினைத்தேன். இன்றைக்கும் போட்டேனே.

கல்யாணமான இரண்டாம் வருடம் ஒரே ஒரு தடவை என்னை லாரியில் கூட்டிக்கொண்டு போனார், நாக்பூருக்கு. போகும்போது கோழித்தீவனம், வரும்போது ஆரஞ்சு. லாரியில் பொம்பளை ஏறக்கூடாது என்று ஓனர் சத்தம் போடுவார் என்று சங்ககிரி தாண்டுகிற வரைக்கும் என்னைத் தார்ப்பாய்க்குள் உட்கார வைத்திருந்தார். எதிரே வண்டி வரும்போதெல்லாம் காலால் ஏதோ ஒன்றை மிதிப்பார், எங்கள் வெளிச்சம் பொத்தென்று கீழே சாய்ந்து ரோட்டில் விழும், எதிரே வருகிறவன் வெளிச்சமும் சாயும், இரண்டு வண்டியும் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றையொன்று கடந்து போகும். எனக்கு அது பிடித்துப்போய், "எதுக்குங்க அப்படிச் செய்யறீங்க, வணக்கமா?" என்று கேட்டேன். "டிம் அடிக்கிறது. அவனுக்குக் கண்ணு கூசினா ரோடு தெரியாது, எங்கிட்டாச்சும் போய் உட்டுருவான். அவனுக்கும் ஊட்ல ஒரு பொண்டாட்டி காத்துட்டிருப்பா அல்ல?" அன்றைக்கு நடுவழியில் காட்டுக்குள் நிறுத்தி எல்லா லைட்டையும் அணைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை, பயந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மெல்ல மெல்ல வானம் வந்தது. அவ்வளவையும் வைத்துக்கொண்டு இருட்டு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். டீச்சரின் பொண்ணு அதைப் பார்க்கக் கேட்டது, நான் வாயால் சுட்டேன். மாரப்பன் செத்தது அதற்குப் பிறகு நாலைந்து வருடம் கழித்து. இவரோடு கூட ஓட்டினவர், இவர் பக்கத்தில் தூங்க, மாரப்பன் ஓட்டினார், எதிரே வந்தவன் கடைசி வரை டிம் அடிக்கவில்லை, வண்டி புளியமரத்தில் போய் மோதிற்று. இவருக்குத் தோள் எலும்பு மட்டும் முறிந்தது. அதிலிருந்து இவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார், எதிரே வருகிறவன் டிம் அடிக்காவிட்டால் வண்டியை இடது ஓரம் கட்டி நிறுத்திவிடுவார், அவன் கடந்து போகிற வரைக்கும் எடுக்க மாட்டார், பின்னால் ஆயிரம் பேர் ஹாரன் அடித்தாலும் எடுக்க மாட்டார். "அர்த்தநாரி ஓரங்கட்டீட்டான்" என்று லாரி ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள். எதற்கு இதையெல்லாம் நினைக்கிறேன், செத்தவரை எதற்கு இந்த நேரத்தில் நினைக்க வேண்டும். ஏழரை ஆகிறது.

வெளிச்சம். ரோட்டில் ஒரு வெளிச்சம், மோட்டார் சைக்கிள், வையாபுரி. பின்னால் ஆள் இருக்கிறதா, இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை, அவன் லைட் என் கண்ணில் அடிக்கிறது. நாற்காலியைப் பிடித்து எழுந்து கையைக் குறுக்கே வைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "லைட்ட டிம் அடிப்பா, ஆளே தெரியல, கூட்டீட்டு வந்தயா?" என்று கத்தினேன். வண்டி வந்து நின்றது. தனியாகத்தான் வந்திருந்தான். "இல்லீங்கம்மா, பாலம் வரைக்கும் போய்ப் பாத்துட்டேன்," என்றான், அவனும் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டுதான் நின்றான். "இந்த ரோட்ல நல்லாப் பாத்தயா? ஓரத்துல? குழியில?" "எங்கீங்க பாக்கறது? மொதல்ல நீங்க உங்க லைட்ட டிம் அடிங்க. திரும்பினதுல இருந்து மூஞ்சிலயே அடிக்குது, கண்ண மூடீட்டுத்தானுங்க வண்டி ஓட்டீட்டு வந்தேன்." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "கெணத்துப் பக்கம் ஒருக்கா பாத்துட்டு வர்றனுங்க" என்று போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு இடது பக்கம் நடந்தான். கிணறு என்று அவன் வாயால் கேட்டதும் தூணைப் பிடித்துக்கொண்டேன். கை இன்னும் கண்ணுக்குக் குறுக்கேதான் இருந்தது. முழங்கை மடங்கி, முகம் இடது பக்கம் திரும்பி. இப்படித்தான் பால்காரர் கூட்டி வந்த அன்றைக்கு. வண்டி வருதல்ல. நின்னுட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரைக்கும் கரண்ட் இல்லை, கம்பம் மாற்றினார்கள், நான் மெழுகுவர்த்தியில்தான் டீ போட்டேன். மாரியம்மனும் இல்லை ஒன்றும் இல்லை. கரண்ட் இல்லை.

ஐயோ. சுவிட்ச் ஹாலில் இருக்கிறது. கேட்டிலிருந்து ஹாலுக்கு என் காலுக்கு நாற்பது தப்படி, கைத்தடி எங்கே என்று பார்க்கவில்லை, சுவரைத் தடவிக்கொண்டே போனேன், மூட்டு போனால் போகட்டும். இரண்டு மூன்று சுவிட்சைத் தட்டினேன், பேன் நின்றது, டிவி நின்றது, கடைசியில் வாசல் அணைந்தது. திரும்பி வந்து கேட்டைத் திறந்தேன். குருடாகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பொறு பாவாயி, சித்த நேரம் பொறு, நாக்பூர் வழியில் வந்த மாதிரி வரும். முதலில் மதில்சுவர் வந்தது. பிறகு டீச்சர் வீட்டுப் படி, அந்த மூன்று படி. பிறகு ரோடு, ஈரமாக, மழைத்தண்ணீர் நின்ற இடமெல்லாம் லேசாக மினுங்கிக்கொண்டு, நீளமாக, நான் இத்தனை நேரமும் பார்க்க முடியாத தூரம் வரைக்கும். கட்டிப் பாதியில் நிற்கிற வீட்டின் தூண்கள். அதற்கு அடுத்து புங்கமரம். புங்கமரத்தடியில், ரோட்டை விட்டு இறங்கி, இடது ஓரமாக, வெள்ளையாக ஒன்று நின்றது. நின்றதே தவிர அசையவில்லை. நூற்றைம்பது தப்படி இருக்கும். ஒன்றேகால் மணி நேரமாக மழையில் நனைந்துகொண்டு அங்கேதான் நின்றிருக்கிறார், நான் இங்கே உட்கார்ந்து அவர் முகத்தில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெள்ளை அசைந்தது. கண்ணை மறைத்திருந்த கையை இறக்கியது. ரோட்டில் ஏறியது. வலது பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டி எடுக்கிறவர் பார்க்கிற அதே பார்வை, நேராக என்னைப் பார்த்து நடந்து வந்தது.

பக்கத்தில் வந்தபோது வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது, கையைப் பிடித்தேன், ஐஸ். என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை, ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கோபமாக இருந்தார். முப்பத்தோரு வருடம் ரோட்டில் பட்ட கோபம் அத்தனையும் குரலில் இருந்தது.

"எவனோ ஒருத்தன் புள்ள, ஹெட்லைட்டப் போட்டுட்டு நிக்கறான் நிக்கறான், நவுரவே மாட்டீங்கறான். டிம் அடிப்பான் அடிப்பான்னு பாக்கறேன், அடிக்கவே இல்ல. ஊட்ல பொண்டாட்டி இல்லாத நாயாட்டம் இருக்குது."

"போயிட்டானுங்க," என்றேன். "போயிட்டான். இனிமே வரமாட்டான்."

அழுதேன். நன்றாகவே அழுதேன். கிணற்றுப் பக்கமிருந்து வையாபுரி "அம்மா, அம்மா" என்று ஓடி வந்தான். மூலை வீட்டில் போர்வை ஒன்று விலகியது, லைட் அணைந்ததைப் பார்த்திருக்கிறாள், கதவு திறந்து டீச்சர் டார்ச்சோடு வந்தாள். டார்ச்சை எங்கள் முகத்தில் அடிக்காமல் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கேட்டின் கீழ்ச்சட்டம் தெரிந்தது, அவர் தாண்டினார். படி தெரிந்தது, ஏறினார்.

"அந்தத் தகர மூடி இன்னும் இருக்குதா கண்ணு?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்கம்மா," என்றாள்.